கருவண்ணப் பூச்சும் மெழுகின் இரு பண்புகளும்

முற்றிய கரும்பின் கழி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு கணுவுக்கும் சற்றுக் கீழே வெண்பூச்சு ஒன்று வளையமாய்ச் சுற்றி நிற்பது தெரியும். நகத்தால் சுரண்டினால் அது மாவாய் உதிரும். உதிர்ந்த மாவை விரல்நுனியில் வைத்துத் தேய்த்தால் வழவழப்பாய் ஒட்டிக்கொள்ளும். அந்த வளையத்தின்மேல் நீர் தெளித்தால் நீர் பரவுவதில்லை. துளித்துளியாய்த் திரண்டு நின்று, கழியைச் சற்றுச் சாய்த்ததும் உருண்டு ஓடிவிடுகிறது. இதுவே கரும்பு மெழுகு. கோடை வெயிலில் தன் உடல்நீர் வீணாகாமல் காத்துக்கொள்ளக் கரும்பு தானே நெய்துகொண்ட காப்பு இது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கச்சிராயபாளையத்தின் கரும்புக் கழனிகளில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை எழுந்து நிற்கிறது. சவ்வாது, சேர்வராயன், பச்சைமலை ஆகியவற்றோடு கிழக்குத் தொடர்ச்சி மலையின் தமிழகப் பகுதியில் அடங்கும் மலை அது. அதன் பாறை முகடுகளிலும் ஓங்கிய மரக்கிளைகளிலும் மலைத்தேனீக்கள் ஒற்றை அடையாகக் கூடு கட்டித் தொங்கவிடுகின்றன. மலைவாழ் மலையாளி மக்கள் தேன் எடுத்தபின் எஞ்சும் அடையை வெந்நீரில் உருக்கித் துணியில் வடித்தால் நீரின் மேலே மிதந்து உறைவது தேன்மெழுகு. ஆக, 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியில் மலையடிவாரத்தில் ஒரு மெழுகும் மலைமேல் ஒரு மெழுகுமாக இரண்டு விளைகின்றன. ஆனால் கள்ளக்குறிச்சி நகரின் கடைத்தெருவில் கருநிற மகிழுந்து ஒன்றுக்கு மெழுகு கேட்டால், கிடைக்கும் குப்பியின்மேல் பெருமையாக அச்சிட்டிருக்கும் பெயர் பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் கார்நௌபா என்னும் பனையினுடையது. அப்பனையின் ஓலைகளை வெட்டி உலர்த்தி, அடித்து உதிர்த்து எடுக்கும் தூளே அந்த மெழுகு.

மகிழுந்து மெழுகுகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் இரண்டு பண்புகளையே பார்க்கின்றனர். ஒன்று பளபளப்பு. மற்றொன்று, நீர் பட்டதும் முத்துமுத்தாகத் திரள்வது. விற்போரும் வாங்குவோரும் இவ்விரண்டையும் ஒரே பண்பின் இரு முகங்களாகக் கருதிவிடுகின்றனர். நீர் நன்றாகத் திரண்டால் மெழுகு நன்றாகப் பிடித்திருக்கிறது, ஆகவே நன்றாக ஒளிரும், நன்றாகக் காக்கும் என்று முடிவு கட்டுகின்றனர். இம்முடிவு பிழையானது. நீர் திரள்வது மேற்பரப்பின் கடைசி மூலக்கூற்று அடுக்கின் வேதியியல். பளபளப்போ அப்பரப்பு எவ்வளவு மட்டமாய் இருக்கிறது என்னும் வடிவக் கணக்கு. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை அளக்க முடியாது. இவ்வுண்மை வேறெந்த நிறத்தையும்விடக் கருவண்ணத்தின்மேல் தெளிவாக விளங்குகிறது.

முதலில் நீர்த்துளியைப் பார்ப்போம். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரசன் பிணைப்பால் இறுகப் பற்றிக்கொள்பவை. அப்பிடிப்பின் வலிமையால் நீரின் பரப்பு இழுவிசை 25 பாகை செல்சியசில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன் என்னும் உயர்ந்த அளவில் இருக்கிறது. ஒரு பரப்பின்மேல் நீர்த்துளி விழுந்தால், அப்பரப்பு நீரைத் தன்பக்கம் இழுக்கும்; நீர் தன்னைத்தானே திரட்டிக்கொள்ள முயலும். இவ்விரண்டும் சமநிலைக்கு வரும் இடத்தில் துளியின் விளிம்பு பரப்போடு ஒரு கோணத்தை அமைக்கிறது. இதைத் தொடுகோணம் என்பர். 1805-இல் இலண்டன் மருத்துவரும் இயற்பியல் அறிஞருமான தாமஸ் யங் இச்சமநிலையை விளக்கினார். கோணம் 90 பாகைக்குக் குறைந்தால் நீர் பரப்பை நனைக்கும் போக்குடையது. மிகுந்தால் பரப்பை விலக்கித் திரளும் போக்குடையது.

மகிழுந்தின் வண்ணத்துக்கு மேலே நிறமற்ற மேற்பூச்சு ஒன்று 40 முதல் 50 மைக்ரான் தடிப்பில் இருக்கிறது. அதன் மூலக்கூறுகளில் ஆக்சிசனும் நைட்ரசனும் கலந்த தொகுதிகள் உள்ளன. அவை நீரை ஓரளவு ஈர்ப்பவை. ஆதலால் வெறும் பூச்சின்மேல் தொடுகோணம் 90 பாகைக்குக் கீழேயே நிற்கிறது. மெழுகின் மூலக்கூறுகளோ கரிமமும் ஹைட்ரசனும் கோத்த நீண்ட சங்கிலிகள். அவற்றின் முனைகளில் நீர் பற்றிக்கொள்ளக் கொளுவிகள் மிகக் குறைவு. மெழுகு பூசியதும் கோணம் நூறு பாகையைத் தாண்டுகிறது. தூய பாரபின் மெழுகின்மேல் அது 105 முதல் 110 பாகை வரை செல்லும்.

இதை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மெழுகு பூசிய மட்டமான தகட்டின்மேல் ஊசிக்குழலால் மிகச் சிறிய துளி ஒன்றை வைத்து, கைப்பேசியைத் தகட்டின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் படம் எடுத்தால் போதும். படத்தில் துளியின் உயரத்தையும் அடியகலத்தையும் அளக்க வேண்டும். உயரத்தை அடியகலத்தின் பாதியால் வகுத்தால் வருவது தொடுகோணத்தில் பாதியின் டேன்ஜெண்ட் மதிப்பு. அடியகலம் 2 மில்லிமீட்டரும் உயரம் 0.8 மில்லிமீட்டரும் ஆனால் கோணம் 77 பாகை. அதே அடியகலத்தில் உயரம் 1 மில்லிமீட்டர் ஆனால் சரியாக 90. உயரம் 1.4 ஆனால் 109. துளி சிறிதாய் இருக்கும்போதே இக்கணக்கு பொருந்தும். பெரிய துளியைப் புவியீர்ப்பு அமுக்கித் தட்டையாக்கிவிடும்.

இவ்வாறு அளந்து பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். பாரபின், கார்நௌபா, தேன்மெழுகு, சிலிக்கோன் எதைப் பூசினாலும் கோண வேறுபாடு சில பாகைகளே. தேன்மெழுகிலும் கார்நௌபாவிலும் எஸ்டர்களும் தனித்த அமிலங்களும் ஆல்ககால்களும் உள்ளன; அவற்றின் ஆக்சிசன் மேற்பரப்பில் தலைகாட்டும்போது கோணம் சற்று இறங்கும். அவ்வளவே. கண்ணால் பார்த்து ஒன்று மற்றொன்றினும் சிறந்தது என்று சொல்லுமளவுக்கு அவ்வேறுபாடு பெரிதன்று. கண் காண்பது வேறொன்றை: துளி வழுக்கி ஓடுகிறதா, அல்லது நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்பதை. அது துளியின் முன்விளிம்புக் கோணத்துக்கும் பின்விளிம்புக் கோணத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. பரப்பில் கீறலும் அழுக்கும் மிகுந்தால் விளிம்பு அங்கங்கே சிக்கிக்கொள்ளும். கோணம் உயர்ந்திருந்தாலும் துளி நகராது. சிலிக்கோன் கலந்த மெழுகுகளில் நீர் விரைந்து வழிவதற்குக் காரணம், அதன் சங்கிலிகள் அசைந்து கொடுத்து விளிம்பைச் சிக்கவிடாமல் விடுப்பதே.

மேலும், தொடுகோணத்தைத் தீர்மானிப்பது பரப்பின் கடைசி ஓரடுக்கு மூலக்கூறுகள் மட்டுமே. அதற்குக் கீழே மெழுகு எவ்வளவு தடிப்பாய் இருக்கிறது என்பதை நீர்த்துளி அறியாது. ஆகவே நீர் திரள்வதைக் கொண்டு மெழுகு மிகுதியாய் இருக்கிறது என்று சொல்ல இயலாது. இதன் மறுதலையும் உண்மை. கழுவிய சோப்பின் மெல்லிய படலம் மேலே தங்கிவிட்டால், கீழே மெழுகு முழுமையாக இருந்தும் நீர் பரவும். நம் சாலைப் புழுதி நாள்தோறும் செய்வதும் இதையே. நீர் திரளவில்லை என்பதைக் கண்டு மெழுகு போய்விட்டது என்று மீண்டும் மீண்டும் பூசுவோர், நல்ல நீரால் ஒருமுறை தூய்மையாய் அலசிப் பார்த்திருந்தால் போதும்.

தாமரை இலையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அதன்மேல் நீரின் தொடுகோணம் 160 பாகையை எட்டுகிறது. எந்த மகிழுந்து மெழுகும் இதன் அருகில் வருவதில்லை. மட்டமான பரப்பின்மேல் நாம் அறிந்த எந்தப் பொருளாலும் கோணத்தை ஏறத்தாழ 120 பாகைக்கு மேல் உயர்த்த முடிந்ததில்லை. தாமரை இலை அவ்வெல்லையைத் தாண்டுவது மெழுகால் மட்டும் அன்று. இலையின்மேல் எண்ணற்ற நுண்குமிழ்கள் உள்ளன. ஒவ்வொரு குமிழின்மேலும் மெழுகுக் குழல்கள் முளைத்துள்ளன. நீர்த்துளி அக்குமிழ்களின் முனைகளை மட்டுமே தொட்டுக்கொண்டு, இடையில் அடைபட்ட காற்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது. இவ்வாறு காற்றை அடைத்துக்கொண்ட பரப்புகளின் கணக்கைக் காசி, பாக்ஸ்டர் என்னும் அறிஞர் இருவர் 1944-இல் வகுத்தனர். இலையின் நுண்ணமைப்பையும் நீர் உருளும்போது அழுக்கையும் வாரிச் செல்லும் அதன் தன்மையையும் செருமானியத் தாவரவியலார் பார்ட்லாட்டும் நைன்ஹூயிசும் 1997-இல் விரிவாக வெளியிட்டனர்.

நீரை இவ்வளவு விலக்கும் தாமரை இலை பளபளப்பதில்லை என்பதையும் குளக்கரையில் நின்றவர் யாவரும் அறிவர். மங்கிய நீலச்சாம்பல் சாயலே அதன் முகம். நீரை விலக்க உதவும் அதே சொரசொரப்பு ஒளியைச் சிதறடித்துவிடுகிறது. ஆகவே நீர் திரள்வதில் மிக உயர்ந்த எல்லையை நாடுவது, பளபளப்பை விட்டுக்கொடுப்பதில் போய் முடிகிறது. ஒளியின் அலைநீளத்தினும் மிக நுண்ணிய மேடுகளை அமைத்தால் இரண்டும் ஓரளவு கூடிவரும். ஆயினும் அத்தகைய நுண்மேடுகள் துணித் தேய்ப்புக்கும் புழுதிக்கும் தாக்குப்பிடிப்பது அரிது.

இனிப் பளபளப்பு. ஒளிவிலகல் எண் 1.5 உடைய மேற்பூச்சின்மேல் ஒளி நேராக விழுந்தால், அதில் 4 விழுக்காடு பரப்பிலிருந்தே கண்ணாடியில்போல் திரும்பிவிடுகிறது. எஞ்சிய 96 விழுக்காடு உள்ளே செல்கிறது. வெண்ணிற வண்டியில், உள்ளே சென்ற ஒளியின் பெரும்பகுதியை வெண்ணிறமி சிதறடித்து எல்லாத் திசைகளிலும் வெளியே அனுப்புகிறது. கருநிற வண்டியில் புகைக்கரி நிறமி அதை விழுங்கிவிடுகிறது. ஆகவே கருப்பின்மேல் நாம் காண்பது ஏறத்தாழ அந்த 4 விழுக்காட்டை மட்டுமே. வானமும் புளியமரமும் தெருவும் அதில் தெளிவாய் விழுந்தால் வண்டி ஒளிர்கிறது என்கிறோம்.

இந்நிலையில் மேற்பூச்சில் நுண்கீறல் ஒன்று விழுந்தால் என்ன ஆகும்? அது ஒளியில் சிறுபங்கை வேறு திசைகளுக்குத் திருப்பிவிடும். வெண்ணிறத்தில் எங்கும் வெள்ளொளி நிறைந்திருப்பதால் அச்சிறுபங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. கருப்பில் பின்புலம் இருளாய் இருப்பதால், கீறல் சிதறடித்த ஒவ்வொரு கீற்றும் வெளிப்பட்டுத் தெரிகிறது. உச்சிவெயிலில் கருநிற வண்டியின் முகப்பு மூடியில் ஞாயிற்றின் உருவத்தைச் சுற்றி வட்டவட்டமாய்க் கீறல்கள் தோன்றுவதைப் பலர் கண்டிருப்பர். உண்மையில் அக்கீறல்கள் வட்டமாய் அமைந்தவை அல்ல; எல்லாத் திசைகளிலும் கிடப்பவை. ஒவ்வொரு கீறலும் தன் நீளத்துக்குக் குறுக்கான திசையிலேயே ஒளியைச் சிதறடிக்கிறது. ஆதலின் ஞாயிற்றின் உருவத்தை வளைத்துக் கிடக்கும் கீறல்களின் ஒளி மட்டுமே நம் கண்ணை வந்தடைகிறது. தலையைச் சற்று நகர்த்தினால் வட்டமும் உடன் நகரும்.

எவ்வளவு சிறிய மேடுபள்ளம் பளபளப்பைக் கெடுக்கும்? இயற்பியல் அறிஞர் இராலே வகுத்த வரையறைப்படி, நேராக விழும் ஒளிக்கு மேடுபள்ளம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கினும் குறைவாய் இருந்தால் பரப்பு மட்டமானதுபோல் நடந்துகொள்ளும். பச்சை ஒளிக்கு அது ஏறத்தாழ 70 நானோமீட்டர். அதனினும் ஆழமான கீறல் ஒளியைச் சிதறடிக்கத் தொடங்கும். வாட்டர் சர்வீஸ் கடைகளில் புழுதி அலசாமல் ஒரே துணியால் வண்டி முழுவதும் துடைக்கும்போது மணல் பரல் கிழிக்கும் கீறல், இவ்வெல்லையை எளிதில் தாண்டிவிடும்.

மெழுகு இங்கே செய்யும் வேலை ஒன்றுண்டு. அது பலர் எண்ணுவதற்கு மாறானது. மெழுகின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.45. மேற்பூச்சின் 1.5-ஐவிட அது குறைவு. ஆகவே மெழுகு பூசிய பரப்பு 4 விழுக்காட்டுக்கு மாறாக 3.4 விழுக்காடு ஒளியையே திருப்பி அனுப்புகிறது. மெழுகு கண்ணாடிப் பளபளப்பை அளவில் கூட்டவில்லை. சற்றுக் குறைக்கவே செய்கிறது. அப்படியிருந்தும் வண்டி முன்னினும் கருமையாய், ஆழமாய்த் தோன்றுவது ஏன்? கீறல்களை மெழுகு நிரப்பிவிடுவதால்தான். கீறலுக்குள் காற்று இருந்தபோது பூச்சுக்கும் அதற்கும் ஒளிவிலகல் எண்ணில் வேறுபாடு 0.5. மெழுகு நிரம்பியபின் அவ்வேறுபாடு 0.05. ஆழமில்லாத கீறல் சிதறடிக்கும் ஒளி இவ்வேறுபாட்டின் இருபடிக்கு ஏற்ப அமைவதால், சிதறல் நூறில் ஒரு பங்காய்ச் சுருங்குகிறது. கருமையின்மேல் படிந்திருந்த வெளிறிய திரை விலகுகிறது.

உளி கண்ட கருங்கல் சிலை வெளிறிச் சாம்பல் பூத்து நிற்க, எண்ணெய்க்காப்பு இட்டதும் அதே சிலை கன்னங்கரேலென்று ஒளிர்வதும் இதே விதியால்தான். கல்லின் நிறமி மாறவில்லை. உளிப்பொளிவின் நுண்பள்ளங்களைக் காற்றுக்கு மாறாக எண்ணெய் நிரப்பிவிட்டது. நம் கோயில்களில் தலைமுறை தலைமுறையாக நடைபெறும் இச்செயலைவிடக் கருவண்ண மெழுகின் இயல்பை விளக்கச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

இதிலிருந்து தெளிவாகும் செய்தி: கருவண்ணத்தின் ஒளிர்வில் மெழுகின் பெயர்க்கு உள்ள பங்கு சிறிது, மெழுகு பூசுமுன் பரப்பு எப்படி இருந்தது என்பதன் பங்கு பெரிது. அலுமினியம் ஆக்சைடு போன்ற நுண்தூள் கொண்ட பாலிஷ், மேற்பூச்சில் ஒரு சில மைக்ரான் தடிப்பைத் தேய்த்துக் கீறலையே அகற்றிவிடுகிறது. மெழுகு கீறலை மறைக்கிறது. மெழுகு தேய்ந்ததும் மறைந்தவை மீண்டும் தோன்றும். மேற்பூச்சு 40, 50 மைக்ரானே ஆதலால் பாலிஷை அடிக்கடி செய்வது அறிவுடைமையன்று. கீறல் விழாமல் கழுவுவதே முதல் காப்பு.

பளபளப்பை அளக்கும் கருவியின் அடிப்படைத் தரமே மெருகேற்றிய கருங்கண்ணாடிதான் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. ஒளிவிலகல் எண் 1.567 உடைய அக்கண்ணாடியின் பளபளப்பை 100 அலகு என்று உலகத் தரநிலை வைத்திருக்கிறது. மிகு பளபளப்புப் பரப்புகளை 20 பாகைக் கோணத்தில் அளக்கின்றனர். கருவி இல்லாதோர் தினத்தாள் ஒன்றை வண்டிக் கதவின் எதிரே பிடித்து, பூச்சில் விழும் அதன் எழுத்துகளை எவ்வளவு தொலைவிலிருந்து படிக்க முடிகிறது என்று பார்க்கலாம். இரண்டு மெழுகுகளை ஒப்பிடுவதாயின் ஒரே கதவை ஒட்டுநாடாவால் பகுத்து, ஒரு பகுதியை மெழுகின்றி விட்டுவைப்பது இன்றியமையாதது. பூசாத பகுதியோடு ஒப்பிடாத எந்த ஒப்பீடும் நம்பத்தக்கதன்று. பூசுமுன் ஐசோபுரோப்பைல் ஆல்ககாலால் துடைத்துப் பழைய எண்ணெயை அகற்றவும் வேண்டும். இன்றேல் நாம் அளப்பது பழைய பாலிஷில் கலந்திருந்த எண்ணெயைத்தான்.

மெழுகுகளுக்கிடையே உண்மையான வேறுபாடு வெளிப்படும் இடம் வெப்பம். கோடையில் உச்சிவெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைப் பொழிகிறது. கருப்பு அதில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்வதால், நிழலின்றி நிற்கும் கருநிற வண்டியின் கூரை 70 பாகை செல்சியசைத் தாண்டுவது இயல்பு. தேன்மெழுகு 62 முதல் 65 பாகையில் உருகிவிடுகிறது. அவ்வளவு மெல்லிய படலம் வழிந்தோடாது, ஆனால் இளகும். இளகிய மெழுகில் காற்றோடு வரும் புழுதி அமிழ்ந்து, மாலையில் குளிர்ந்ததும் உள்ளேயே இறுகிவிடும். அப்புழுதியைத் துடைக்க முயன்றால் புதிய கீறல்கள் விழும். கல்வராயன் மலைத் தேன்மெழுகு எவ்வளவு தூயதாயினும் சமவெளியின் வெயிலில் நிற்கும் கருவண்ணத்துக்குத் தனித்து ஏற்றதன்று என்பதே என் தீர்ப்பு. அதன் இடம் மரம். 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு அது நல்ல மெருகு தரும். உலோகத் திருமேனி வார்ப்போர் கையில் குங்கிலியத்தோடு கலந்து கருவுருவாகி உருகி மறையும்போது அதன் இளக்கமே அதன் சிறப்பு.

கார்நௌபா 82 முதல் 86 பாகையில் உருகுகிறது. இயற்கை மெழுகுகளில் மிகக் கடினமானவற்றுள் அது ஒன்று. துணியால் தேய்க்கத் தேய்க்க மட்டமாகிப் பளிச்சிடும். ஆயினும் தனிக் கார்நௌபா கையால் பூச இயலாத அளவுக்கு உடையும் இயல்புடையது. அதனால் அதை எண்ணெய், கரைப்பான், வேறு மெழுகு இவற்றோடு கலந்தே விற்கின்றனர். குப்பியின்மேல் 'நூறு விழுக்காடு கார்நௌபா' என்று எழுதியிருந்தால் அது அதிலுள்ள மெழுகைக் குறிக்கலாம். குப்பி முழுவதையும் குறிக்க முடியாது. சிலிக்கோன், செராமிக் என்று வழங்கும் செயற்கைப் பூச்சுகள் இன்னும் நெடுநாள் நிற்கும். அவற்றுள் சில மேற்பூச்சோடு வேதிப் பிணைப்பே கொண்டுவிடுகின்றன. ஆனால் ஒளியின் விதிக்கு அவையும் கட்டுப்பட்டவையே. கீறல் நிறைந்த பரப்பின்மேல் பூசினால் கீறல் நிறைந்த பரப்பாகவே அது பல்லாண்டு நிலைபெறும்.

நீர் முத்தாய்த் திரள்வதில் ஒரு தீமையும் உண்டு. இதை நம் ஊரில் போதிய அளவுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. வடகிழக்குப் பருவத்தில் பெய்யும் மழைநீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு. அதன் துளி காய்ந்தால் தடம் பெரிதாய்த் தெரியாது. வண்டி கழுவ ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எடுக்கும் நீரின் இயல்பு வேறு. பாறையின் இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிச் சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்த நீர் அது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை விரும்பத்தக்கதாய் ஏற்கும் அளவே லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைபொருள்; வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. 500 என்றே கொள்வோம். 50 மைக்ரோலிட்டர் கொண்ட ஒரு சொட்டில் 25 மைக்ரோகிராம் உப்பு இருக்கும். மெழுகின்மேல் அச்சொட்டு 5 மில்லிமீட்டர் அகலத்தில் திரண்டு நின்று அப்படியே காய்ந்தால், அவ்வளவு உப்பும் அச்சிறு வட்டத்துக்குள் அடங்கும். சீராய்ப் பரவினால் அரை மைக்ரான் தடிப்பு. ஆனால் விளிம்பில் வளையமாய்த் திரள்வதால் அங்கே இன்னும் தடிப்பு. மெழுகுப் படலமே ஒரு மைக்ரானுக்கும் குறைவு! கருப்பின்மேல் அவ்வெண்சுண்ண வளையம் பளிச்சென்று தெரியும். வெயிலில் மீண்டும் மீண்டும் காய்ந்தால் மேற்பூச்சையே அரித்துத் தடம் பதிக்கும். நீர் பரவும் பரப்பாயின் அதே உப்பு அகன்ற இடத்தில் மெல்லியதாய்ப் படிந்து கண்ணுக்குத் தப்பியிருக்கும்.

இத்தடத்துக்கு நீர்த்துளி வில்லையாகி வெயிலைக் குவித்துப் பூச்சைச் சுடுவதே காரணம் என்று சொல்வார் உளர். பரப்பை ஒட்டி அமர்ந்த துளியின் குவியம் பரப்புக்குக் கீழே விழும். அதனால் அது சுட இயலாது. குற்றம் உப்பினுடையது. ஆகவே நீர் அழகாய்த் திரண்டு நிற்பதை வெயிலில் நின்று சுவைப்பதைவிட, உடனே நுண்ணிழைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுவது கருவண்ணத்துக்குச் செய்யும் நன்மை. நிழலில், பரப்பு ஆறியபின் கழுவுவது இன்னும் நன்று.

கரும்பு மெழுகைப் பற்றிச் சொல்ல வேண்டியது எஞ்சியிருக்கிறது. அதன் உருகுநிலை தேன்மெழுகுக்கும் கார்நௌபாவுக்கும் இடையே, 80 பாகையை ஒட்டி அமைகிறது. 28 கரிம அணுக்கள் கொண்ட நீண்ட ஆல்ககால்களும் ஆல்டிகைடுகளும் அதில் மிகுதி. கடினத்தன்மையிலும் மெருகேறும் பாங்கிலும் கார்நௌபாவுக்கு உறவானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கியூபாக் கரும்பின் மெழுகை அமெரிக்கர் கார்நௌபாவுக்கு மாற்றாகக் கொண்டதும் இந்த உறவு கருதியே. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் கரும்பை அரைக்கும்போது, கழியின்மேலிருந்த மெழுகில் ஒரு பகுதி சாற்றோடு சேர்ந்து செல்கிறது. சாற்றைச் சுண்ணாம்பு இட்டுத் தெளியவைத்து வடிகட்டும்போது, பிரஸ்மட் என்று ஆலையினரும் உழவரும் வழங்கும் கருஞ்சேற்றில் அது தங்கிவிடுகிறது. அரைக்கும் 100 டன் கரும்புக்கு ஏறத்தாழ 3 டன் அச்சேறு வெளியேறும். உரமாகக் கழனிக்குச் செல்வதே அதன் வழக்கமான முடிவு. உரத்துக்கு வேண்டிய சத்து அதிலுள்ள மற்றப் பொருள்களில் இருக்கிறது. மெழுகோ நீரை ஏற்காததால் மக்குவதற்குக் காலம் பிடிக்கும்; அதைப் பிரித்து எடுத்துவிட்டால் உழவருக்கு இழப்பு ஒன்றுமில்லை.

கரைப்பான்கொண்டு பிரித்தெடுக்கும் பண்படாத கரும்பு மெழுகு கொழுப்பும் பிசினும் பச்சையமும் கலந்து கரும்பழுப்பாய் இருக்கும். கொழுப்பையும் பிசினையும் நீக்கியாக வேண்டும். இல்லையேல் தேன்மெழுகுபோல் இளகிப் புழுதி பிடிக்கும். வெண்மையாக்கும் வேலைக்கே செலவு மிகுதி. பழத்தோலுக்கும் தாளுக்கும் பூச அது தேவை. கருநிற மகிழுந்துக்கு அது தேவையே இல்லை. ஒரு மைக்ரானுக்கும் குறைந்த படலத்தில் பழுப்பு நிறம் கருப்பின்மேல் தெரியப்போவதில்லை. கணக்கும் இதற்குச் சார்பாகவே நிற்கிறது. ஒரு மகிழுந்தின் பூச்சுப் பரப்பைப் பத்துச் சதுர மீட்டர் என்றும் படலத்தை அரை மைக்ரான் என்றும் கொண்டால், வண்டியின்மேல் தங்கும் மெழுகு 5 கிராமே. உலர்ந்த பிரஸ்மட்டில் நூற்றுக்கு ஐந்து பங்கு மெழுகு என்று குறைத்தே மதித்தாலும் ஒரு டன்னில் 50 கிலோ கிடைக்கும். தூய்மையாக்குவதில் பாதி கழிந்தாலும் எஞ்சும் 25 கிலோ, 5000 வண்டிகளுக்கு ஒருமுறை பூசப் போதுமானது.